என் பங்குக்கு வந்த சாமி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஷாமியானா பிரித்த கையோடு பங்குப் பேச்சு வந்துவிட்டது. பெரிய சொத்து ஒன்றும் இல்லை. ரிட்டயர் ஆனபோது குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் கட்டிய வீடு, அம்மா இருக்கிறவரை அம்மாவுக்கு. பேங்கில் கிடந்த பணம் தங்கைக்கு. சைக்கிள் அண்ணன் மகனுக்கு. "இவனுக்கு?" என்று சித்தப்பா என்னைக் காட்டிக் கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. "அவரு சாமிய இவன் பாத்துக்கட்டும்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பத்திரச் செலவில்லாமல் வருகிற ஒன்றை விடுவானேன் என்று நானும் தலையாட்டினேன்.

சாமி என்றால் பூஜை அறையில் மாட்டியிருக்கும் படங்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு அம்மா கதவைத் தட்டியபோதுதான் மற்ற ஷரத்துகள் தெரிந்தன. விடிவதற்குள் விளக்கு. விளக்கு ஏற்றியபின் கந்த சஷ்டி கவசம். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை கவிச்சி கிடையாது. மாதப் பூசத்துக்கு வடலூர். பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களுக்கு வாசலில் மோர்ப் பந்தல். இத்தனையையும் ஒரு மனுஷர் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டு செய்திருக்கிறார். நான் கடலூரில் ஓர் அலுவலகத்தில் பத்து மணிக்கு உட்கார்ந்து ஐந்தரைக்கு எழுந்திருக்கிற ஆள். ஞாயிறு லீவு. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அப்பாவுக்கு மைன்ஸில் பம்ப் செக்‌ஷன். நெய்வேலி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கரி. எங்கள் வீட்டில் அது தண்ணீர். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் ஊர்க்கதை தொடங்கும். 1956-இல் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து வெட்டுவேலையைத் தொடங்கிவைத்தார். ஆனால் கரி கண்ணில் பட 1961 ஆகஸ்ட் ஆகிவிட்டது. அத்தனை மேல்மண். அது போதாதென்று கரிப் படிவத்துக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. மேலே இருக்கிற மண்ணையும் கரியையும் எடுக்க எடுக்கப் பாரம் குறையும். அடியில் இருக்கிற தண்ணீர் சுரங்கத் தரையை முட்டி உடைத்துக்கொண்டு வரப் பார்க்கும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்புக்குத் தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது. அப்படி இறைத்து விடுகிற தண்ணீர் வாலாஜா ஏரி வரைக்கும் போய்ப் பாசனமாகிறது. மண் வெட்டுகிற ராட்சதச் சக்கர எந்திரத்தைத்தான் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், காலண்டரில் போடுவார்கள். பம்பை யாரும் போட்டதில்லை. அப்பாவுக்கு அதில் வருத்தமும் இல்லை. "ஓடற வரைக்கும் எவனுக்கும் தெரியாது. நின்னாத்தான்டா பம்ப்னு ஒண்ணு இருந்ததே தெரியும்" என்பார்.

அவருடைய பக்தியும் அந்த செக்‌ஷனைச் சேர்ந்ததுதான். உருகிக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. சாமி வந்து ஆடியதில்லை. டியூட்டிக்குப் போகிற மாதிரி போனார், வந்தார். அவரோடு வேலை பார்த்த மாமா ஒருவர், கிறிஸ்தவர், துக்கம் கேட்க வந்தபோது சொன்னார்: "பம்ப் சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் பேசறதே கேக்காது தம்பி. உங்கப்பா பாட்டுக்குக் கவசம் சொல்லிட்டிருப்பாரு. வாய் அசையறத வெச்சே மணி என்னன்னு சொல்லிடுவோம்." இருவருக்கும் எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் இரவு மாமாவின் ஷிப்டை அப்பா பார்ப்பார். பங்குனி உத்திரத்தன்று அப்பாவின் ஷிப்டை மாமா பார்ப்பார். "நாப்பது நாள் தபசு காலத்துல நான் கறி திங்கமாட்டேன். அவருக்குக் கிருத்திகை. ரெண்டு பேரும் சேந்து தயிர்சாதம் தின்னுட்டு, கறி சாப்புடறவன நாலு வார்த்தை பேசுவோம்" என்று சிரித்தார். மதநல்லிணக்கம் என்று மேடையில் நான் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். யாருக்காகவும் ஒரு ராத்திரி கண்விழித்ததில்லை.

இனி என் நிர்வாகத்துக்கு வருகிறேன்.

விளக்கில் பிரச்சினை இல்லை. அதை ஏற்ற எழுந்திருக்க வேண்டும் என்பதில்தான் பிரச்சினை. நான் எழுந்து போகும்போது திரி புதிதாக இருக்கும், எண்ணெய் நிறைந்திருக்கும், விளக்கு பளபளவென்று துலக்கியிருக்கும். தீக்குச்சி கிழிப்பது மட்டும் என் வேலை. பல நாள் அதுவும் கிழித்திருக்கும். "எரியுதே, நான் ஏத்தினேனா?" என்று கேட்பேன். "ஆமா, தூக்கத்துல ஏத்தின" என்பாள் அம்மா. அப்பா காலத்திலும் திரியும் எண்ணெயும் துலக்கலும் அம்மாதான் என்பது எனக்கு வெகு தாமதமாக உறைத்தது.

கவசத்தில் முதல் கால்வாசி எனக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்க வேண்டிக்கொண்டு போகிற இடம் வரும். அங்கே எனக்கு வரிசை தப்பும். கழுத்திலிருந்து நேராக முழங்காலுக்கு இறங்கிவிடுவேன். நடுவில் உள்ளதெல்லாம் காப்பில்லாமல் கிடக்கும். அதற்குத்தான் போனில் போட்டுக் கூடவே சொல்லலாம் என்று முயன்றேன். கண்ணை மூடிக்கொண்டு போனைப் பின்தொடர்கிறவனுக்கு நடுவில் விளம்பரம் வரும் என்று தோன்றாது. ஒரு விடியற்காலை வீட்டுக்கடன் வட்டி விகிதத்தைப் பாதி வரை ராகத்தோடு சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தேங்காயை மட்டும் கொஞ்சம் பலமாக உடைத்தாள்.

கிருத்திகை விஷயத்தில் நான் விரதக்காரனாகவில்லை, பஞ்சாங்க நிபுணன் ஆனேன். ஆபீஸில் ஒருவர் பிறந்தநாளுக்குப் பிரியாணி வாங்கித் தருகிறார்; அன்று காலண்டரில் கிருத்திகை. சாதாரண மனிதன் ஒன்று சாப்பிடுவான் அல்லது சாப்பிடாமல் இருப்பான். நான் நட்சத்திரம் எத்தனை நாழிகைக்குப் பிறக்கிறது என்று பார்த்தேன். மாலையில்தான். ஆகவே மதியம் பரணியின் கணக்கில் வருகிறது. அடுத்த முறை வாக்கியப் பஞ்சாங்கம் எனக்குச் சாதகமாக இல்லாததால் திருக்கணிதத்துக்கு மாறினேன். இரண்டும் கைவிட்ட ஒரு நாளில், குஸ்கா மட்டும் சாப்பிட்டால் அது சைவமா என்கிற ஆராய்ச்சி நடந்தது. நேரக்கணக்கு தெரியாமலேயே அப்பா எல்லாக் கிருத்திகையும் இருந்திருக்கிறார். காலண்டரில் போட்டிருந்தால் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த ஜோதிடம்.

அவர் முற்றும் சைவம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டன் எடுப்பார். மந்தாரக்குப்பத்தில் நல்ல நெஞ்செலும்பு யாரிடம் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. இது வடலூரில் ஒரு சிக்கலை உண்டாக்கியது. வள்ளலாரின் சத்திய ஞானசபையில், உயிர்க்கொலையும் புலால் உணவும் விட்டவர்கள் மட்டும் உள்ளே வரவும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாதப் பூசத்தில் ஆறு திரை விலக்கியும், தைப்பூசத்தில் ஏழு திரையும் விலக்கியும் ஜோதி காட்டுவார்கள். இத்தனை வருஷம் போன அப்பா அந்த வாசகத்தைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போகவில்லையாம். வெளியில் நின்று கும்பிட்டுவிட்டு நேராகத் தருமச்சாலைக்குப் போய்விடுவார். "ஞாயித்துக்கெழம கறி திங்கறவன் பொய் சொல்லிட்டு உள்ள போகலாமா? சோறு போடற எடத்துல யாரும் கேக்கமாட்டாங்க." 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிற இடம் அது. வருகிறவர் யார் என்று பார்க்காமல் பசிக்கிறதா என்று மட்டும் பார்க்கிற இடம். அப்பா அங்கே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்குவார்.

நான் போன முதல் பூசத்தன்று அந்த வாசகத்தின் முன் ஒரு கணம் நின்றேன். பிறகு பின்னால் வந்த கூட்டம் தள்ளியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். தள்ளுகிற அளவுக்குக் கூட்டம் இல்லை. ஜோதி பார்த்த திருப்தியோடு தருமச்சாலைக்கு வந்து வாளியைக் கேட்டு வாங்கினேன். மூன்றாவது இலையிலேயே, கரண்டியைச் சாய்ப்பதற்குப் பதில் வாளியைச் சாய்த்துவிட்டேன். சாம்பார் இலையைத் தாண்டி, பெரியவர் ஒருவரின் வேட்டி வரை போய்ச் சேர்ந்தது. அவர் கோபிக்கவில்லை. "தம்பி, நீங்க உக்காந்து சாப்புடுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல போல" என்று பக்கத்தில் இடம் விட்டார். அன்றிலிருந்து பூசம் தவறாமல் போய்ச் சாப்பிட்டு வருகிறேன்.

அப்பாவுக்கு மிகப் பிடித்த அடியார் வள்ளலாரும் இல்லை, அருணகிரியும் இல்லை. அப்பூதியடிகள். திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர்க்காரர். அதற்கு அப்பா சொன்ன முதல் காரணம் சைவ சித்தாந்தத்தில் எங்கும் இல்லாதது: "நம்ம ஜில்லாக்காரர மதிச்ச வெளியூர்க்காரர்டா." திருநாவுக்கரசர் பிறந்த திருவாமூர் பண்ருட்டிக்குப் பக்கம், சூலை நோய் தீர்ந்தது திருவதிகையில், கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது மிதந்து வந்து கரையேறியது திருப்பாதிரிப்புலியூரில். எல்லாம் கடலூர் மாவட்டம். ஏழாம் நூற்றாண்டில் மாவட்டம் கிடையாது என்று நான் ஒரு தடவை திருத்தினேன். "இப்ப இருக்குல்ல?" என்றார்.

இரண்டாவது காரணம் உருப்படியானது. "வீட்டை விட்டுப் போனவருக்குச் சாமி கும்புட நேரம் இருக்கும். இவரு பொண்டாட்டி, புள்ள, மாடு, கன்னு எல்லாத்தையும் வெச்சிக்கிட்டுக் கும்புட்டவரு." அப்பூதி, தான் கண்ணால் பார்த்தேயிராத நாவுக்கரசரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார். பசுவுக்கும் எருமைக்கும் வைத்தார். அளக்கிற படிக்கும் நிறுக்கிற தராசுக்கும் வைத்தார். வழிப்போக்கர்களுக்காக அமைத்த தண்ணீர்ப் பந்தலிலும் அந்தப் பெயர்தான். ஒரு நாள் நாவுக்கரசரே அந்த வழியாக வந்து, பந்தலில் உம்முடைய பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியிருக்கிறீரே ஏன் என்று கேட்டுவிட, வேறொருவரா என்று அப்பூதிக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதைச் சொல்லும்போது அப்பா எழுந்து நின்றுவிடுவார். கேட்டவர் யார் என்று தெரிந்ததும் அந்தக் கோபக்காரர் காலில் விழுந்து, அழுது, கூத்தாடி, சாப்பிடக் கூப்பிடுகிறார். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் விரித்துச் சொன்ன கதை என்றாலும் அப்பூதி வெறும் கதை இல்லை; திருப்பழனத்துப் பதிகத்தில் அப்பரே அவரைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார்.

அப்பாவும் அதே வழியில், வீட்டில் எங்கள் மூன்று பேருக்கும் முருகன், வள்ளி சம்பந்தமாகவே பெயர் வைத்தார். அண்ணனுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். கூப்பிட்டால் இருவரும் வருவோம், அல்லது அவனைத்தான் கூப்பிடுகிறார் என்று நான் இருந்துவிடுவேன். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கதையின் அடுத்த பகுதி எனக்குச் சின்ன வயதில் தூக்கம் கெடுத்தது. விருந்துக்கு இலை வெட்டப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டுகிறது. அவன் இலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விழுந்து சாகிறான். தாயும் தகப்பனும், அடியார் சாப்பிடாமல் போய்விடுவாரே என்று, உடலை மறைத்து வைத்துவிட்டு இலை போடுகிறார்கள். விஷயம் தெரிந்த அப்பர் பதிகம் பாடி எழுப்புகிறார். நான் அப்பாவிடம் கேட்டேன்: "என்னப் பாம்பு கடிச்சாலும் பாயில சுருட்டி வெச்சிட்டுப் பந்தி போடுவீங்களா?" அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எங்க இலை வெட்டப் போன, பாம்பு கடிக்கறதுக்கு?" அந்த மதிப்பீடு இன்றுவரை செல்லும். கொல்லையில் இலை அறுத்தால் நுனி வேறாக, அடி வேறாகக் கிழித்துக்கொண்டுதான் வருகிறேன். அம்மா அதைச் சுண்டல் வைக்க உபயோகப்படுத்துகிறாள்.

இப்படியே போனால் சரிப்படாது என்று ஒரு நாள் டவுன்ஷிப்பில் இருக்கிற நடராசர் கோயிலுக்குப் போனேன். பத்தடிக்கு மேல் உயரமான ஐம்பொன் நடராசர். மனுநீதிச் சோழன் நினைவாக அங்கே ஆராய்ச்சி மணியும் முறைப்பெட்டியும் வைத்திருக்கிறார்கள். குறையை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மணியை அடிக்கலாம். வழியில் ஸ்டேஷனரிக் கடையில் வெள்ளைத்தாள் வாங்கினேன். பொதுத்துறை ஊழியர் மகன் என்பதால் கை தானாக அனுப்புநர், பெறுநர் போட்டுவிட்டது. "பொருள்: தந்தையார் செய்துவந்த கடமைகளை ஏற்று நடத்தச் சக்தி வேண்டுதல் தொடர்பாக." அதுவரை நன்றாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் எழுதியும் இடம் மிஞ்சியது. தாளை வீணாக்குவானேன் என்று, "மேலும், கடலூருக்குத் தினசரி பஸ்ஸில் போய்வருவது சிரமமாக இருப்பதால், வடலூர் கிளைக்கு மாறுதல் கிடைக்க ஆவன செய்யுமாறு" என்று சேர்த்தேன். சேர்த்த பிறகு, முழுக்கடிதத்துக்கும் அந்த வரிதான் காரணம் என்பது எனக்கே தெரிந்தது. அடித்துவிட்டு வேறு தாள் எழுதியிருக்கலாம். கடை தூரம். மடித்துப் போட்டேன். யாரும் திரும்பிப் பார்க்காதபடி மணியை மெல்ல அடித்தேன்; சத்தமே வரவில்லை. மறுபடி அடித்ததில் பிரகாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மாறுதல் வரவில்லை. சக்தியும்தான்.

பங்குனி உத்திரம் வந்தது. அப்பாவின் பந்தல் என்பது நாலு சவுக்குக் கழி, மேலே தென்னங்கீற்று, ஈரத்துணி சுற்றிய இரண்டு பானை. ஒரு பலகையில் சாக்பீஸால் 'முருகன் மோர்ப் பந்தல்' என்று எழுதியிருக்கும். நான் கொஞ்சம் சிறப்பாகச் செய்ய நினைத்தேன். அப்பா நினைவாக என்று ஒரு ஃபிளெக்ஸ் இருந்தால் தேவலை. அப்பாவிடம் உருப்படியான போட்டோ கிடையாது. பழைய அடையாள அட்டைப் படம்தான். பெரிதாக்கினால் உடைந்துவிடும் என்றான் ஃபிளெக்ஸ் போடுகிற பையன். "உங்க போட்டோ இருந்தா குடுங்க சார், ஹைலைட்டா போட்டுடலாம்." வேண்டாம் என்றுதான் சொன்னேன். சொல்லிக்கொண்டே போனில் நல்லதாக ஒன்று தேடிக்கொண்டிருந்தேன்.

உத்திரத்தன்று காலை கட்டிய பிறகுதான் முழுதாகப் பார்த்தேன். ஆறடி உயரத்தில் நான், கை கூப்பி, கண்ணாடி போட்டு. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தலைக்கு மேல் வளைவாக 'நினைவாக'. அப்பா முருகனுக்குப் பக்கத்தில், கட்சி பேனரில் மறைந்த தலைவர்கள் இருக்கிற மூலையில், தபால்தலை அளவில். வெயில் ஏற ஏறக் காவடிக் கூட்டம் வந்தது. மஞ்சள் புடவை கட்டிய ஒரு பாட்டி பந்தலுக்கு முன்னால் நின்று, பேனரை அண்ணாந்து பார்த்து, "அடப் பாவமே, இந்த வயசுலயா" என்று உச்சுக் கொட்டினாள். நான் மோர் டம்ளரை நீட்டினேன். பாட்டி என்னைப் பார்த்தாள், பேனரைப் பார்த்தாள், "முருகா!" என்று கத்திவிட்டு மோர் வாங்காமலே போய்விட்டாள். பத்து மணிக்குள் யாரோ படம் எடுத்து உறவினர் குழுவில் போட, அண்ணன் பதறிப்போய் அம்மாவுக்குப் போன் செய்தான். "அவனுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கான், அதான் பிரச்சினை" என்று அம்மா சொன்னது எனக்குக் கேட்டது.

மோரும் சரியில்லை. நான் ஒரு தடவை உப்புப் போட்டேன். போட்டோமா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை போட்டேன். விரதக்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். தண்ணீர் நன்றாக இருந்தது என்று பலரும் சொன்னார்கள்.

மறுநாள் அம்மா ஃபிளெக்ஸை அவிழ்த்தாள். கெட்டியான சரக்கு, வீணாக்க மனசில்லை. இப்போது கோழிக் கூண்டுக்கு மேல் மழைக்குக் கவிழ்த்துப் போட்டிருக்கிறாள். அடுத்த உத்திரத்துக்குப் பந்தல் உண்டா என்று கொஞ்ச நாள் கழித்துக் கேட்டுப் பார்த்தேன்.

"பந்தல் எப்பவும் உண்டு" என்றாள். "நீ கீத்துக் கட்டு. உப்பு நான் போட்டுக்கறேன்."